கேட்காத சாமான்

"செத்த உட்காருங்கண்ணே, குடோன்ல ஒண்ணு கிடந்த மாதிரி இருக்கு, பாத்துட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு மீரான் பாய் சாவிக்கொத்தோடு கடைக்குப் பின்பக்கம் போனார். ராஜாங்கம் கவிழ்த்துப் போட்டிருந்த ஆயில் டின் மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் வந்த முதல் நினைப்பு, கிடைத்துத் தொலைத்துவிடக் கூடாதே என்பது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டே இரண்டாவது வந்தது, இன்றைக்காவது கிடைத்துவிட வேண்டுமே என்று. இரண்டில் எது தன்னுடையது என்று அவருக்கே பிடிபடவில்லை. பஸ்ஸில் வரும்போதும் இதே கூத்துதான். போடியில் ஏறி உட்கார்ந்ததிலிருந்து மதுரை வந்து இறங்கும்வரை கிடைக்கும், கிடைக்காது, கிடைக்கும், கிடைக்காது என்று சக்கரம் உருண்டுகொண்டே இருந்தது. தேனியில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஆள் "எங்க, ஆஸ்பத்திரிக்கா?" என்று கேட்டான். முகத்தைப் பார்த்தால் அப்படித்தான் இருந்திருக்கும்போல. "ஜீப்புக்கு ஒரு சாமான் வாங்கணும்" என்றார். பழைய ஜீப்பா, பெட்ரோல் வண்டியா, அடேயப்பா இன்னும் வச்சிருக்கீங்களா என்று ஆண்டிப்பட்டி கணவாய் தாண்டும்வரை அந்த ஆள் பேசிக்கொண்டே வந்தான். நல்ல மனுஷன். ஜீப்பை யாருக்காக ஓட வைக்கிறீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை.

கார்புரேட்டர் ஒன்று, அவ்வளவுதான் பாக்கி. அதை மாட்டினால் வண்டி ஓடும். வண்டி ஓடினால் மலைக்கு ஏறலாம், மகன் மதி போன வளைவைத் தாண்டி உச்சிவரை ஏறி, அங்கே திருப்பிக்கொள்ளலாம். ஏறுவதற்குத்தான் என்ஜின் வேண்டும். இறங்குவதற்கு ஒன்றும் வேண்டியதில்லை. இந்த இடத்துக்கு வந்ததும் மனது எப்போதும் நின்றுவிடும், மேற்கொண்டு ஒரு அடி வைக்காது. ராஜாங்கமும் அதை அதட்டுவதில்லை. இத்தனைக்கும் வீட்டிலேயே ஒரு கார்புரேட்டர் இருந்தது. வண்டியோடு வந்ததுதான். கழற்றி, பெட்ரோலில் ஊறப்போட்டு, பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து, தினத்தாளை விரித்துக் கொட்டகையில் காய வைத்திருந்தார். மறுநாள் பார்த்தால் தாள் இருக்கிறது, எண்ணெய்க் கறை இருக்கிறது, சாமானைக் காணோம். "எலி தூக்கிட்டுப் போயிருக்கும்" என்றாள் மனைவி பேச்சியம்மாள், முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல். எலி கார்புரேட்டரைத் தூக்குமா. அந்தக் கனத்தைத் தூக்குகிற எலி வந்தால் வீட்டைக் காலி செய்துவிட்டு நாம்தான் போகவேண்டும் என்று முன்னே ஒரு காலத்தில் என்றால் சொல்லிச் சிரித்திருப்பார், அவளும் சிரித்திருப்பாள். இப்போது பேசாமல் போய் மறுபடியும் தேடினார். எங்கேயோ வைத்துவிட்டு மறந்திருக்கலாம். மதி போனதிலிருந்து இப்படித்தான் ஆகிறது. குழாயைத் திறந்தால் மூட மறக்கிறது, ஒரு காலில் செருப்போடு தெருமுக்கு வரை போய்த் திரும்பியிருக்கிறார். அதற்கு முன்னால் பெட்ரோல் பம்பு ஒன்றும் இப்படித்தான் காணாமல் போயிற்று. அதற்கும் முன்னால் ஃபேன் பெல்ட். கை நிறையப் பிடித்திருக்கிற தண்ணீர் மாதிரி எல்லாம் ஒழுகிக்கொண்டிருக்கிறது. சாவதற்கும் ஒரு ஞாபகசக்தி வேண்டியிருக்கிறதே.

கடைப்பையன் யாரும் இல்லாத கடை. எதிரே சுவர் உயரத்துக்கு ரிம்கள், சைலன்ஸர்கள், கண்ணில்லாத முகப்பு விளக்குகள், கதவுகள், எந்தக் கதவும் எதையும் மூடாமல் ஒன்றின்மேல் ஒன்றாகச் சாய்ந்து நிற்கின்றன. இரும்பும் பழைய கிரீஸும் வெயிலில் காய்ந்து ஒரு வாடை. ராஜாங்கத்துக்கு இந்த வாடை பிடித்துப்போயிருந்தது. ஏலக்காய் எஸ்டேட் ஸ்டோரில் முப்பது வருஷம் சூப்பர்வைசராக இருந்து மூக்கில் ஏறிக் கிடந்த வாசனையை இது துடைத்துவிட்டது. அந்த எஸ்டேட் கைமாறியபோதுதான் ஜீப்பை இவர் தலையில் கட்டினார்கள். ஓடாத வண்டி, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து கொல்லையில் இறக்கிப் படுதாவைப் போர்த்தியதோடு சரி. கோழி டிரைவர் சீட்டில் ஏறி முட்டை வைத்தது. பேச்சியம்மாள் தினமும் ஸ்டியரிங்குக்கு அடியில் கையை விட்டு முட்டை எடுப்பாள். "உங்கப்பா வாங்குன வண்டி முட்டையாச்சும் போடுதே" என்பாள் மதியிடம். மதிக்கு மட்டும் அது வண்டி. தகரம் உதிர்ந்து கால் வைக்கிற இடம் ஓட்டையாகி அதற்குள் புல் முளைத்திருந்த காலத்திலும் அவனுக்கு அது வண்டிதான். "அப்பா, இதை மட்டும் ஓட வச்சுட்டோம்னா எனக்கு பைக்கே வேண்டாம்பா." சொன்னானா, சொன்னான். எத்தனை தடவை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாக பானெட்டைத் திறந்தார்கள். கார்புரேட்டரில் ஆக்ஸிலரேட்டருக்குப் போகிற கம்பி துருப்பிடித்து ஒடிந்திருந்தது. மதி தன்னுடைய பழைய பள்ளிக்கூட சைக்கிள் சக்கரத்திலிருந்து ஒரு போக்ஸ் கம்பியைக் கழற்றி, நாக்கைக் கடித்துக்கொண்டு, குறடால் இரண்டு பக்கமும் வளைத்து, மாட்டிவிட்டான். ஒரு முனையை வளைக்கத் தெரியாமல் இரண்டு சுற்று சுற்றிவிட்டான், சின்னப் பிள்ளை காது வளையம்போல. "போதும்டா, அடுத்த சீசன் முடியட்டும், மொத்தமாப் பாப்போம்" என்றார் ராஜாங்கம். சீசன் முடிந்தது. அடுத்த சீசனும் முடிந்தது. மதி பைக் வாங்கினான்.

பைக்குக்கு எலுமிச்சம்பழம் வைத்தது பேச்சியம்மாள்தான். முன்சக்கரத்துக்கு ஒன்று, பின்சக்கரத்துக்கு ஒன்று. பின்சக்கரத்துப் பழம் பொட்டென்று நசுங்கியது. முன்சக்கரத்துப் பழம் நசுங்கவில்லை. ஏறும்போது வழுக்கி, உருண்டு, வாசல் சாக்கடை ஓரம் போய் நின்றது. எடுத்துத் திரும்ப வைத்திருக்கலாம். ஒரு நொடி வேலை. பேச்சி கையை நீட்டினாள், "விடு, வண்டி நகந்துருச்சுல்ல" என்று இவர்தான் சொன்னார். சொன்னாரா, நினைத்ததைச் சொன்னதாக இப்போது மனது சோடிக்கிறதா. பழத்தை நசுக்காததால் ஒரு பிள்ளை சாகுமா, அறிவிருக்கிறவன் பேசுகிற பேச்சா இது. ஸ்டோரில் இத்தனை பேரை வைத்து வேலை வாங்கியவர், ஜோசியனை வாசல்படி மிதிக்க விடாதவர், இப்போது ராத்திரியானால் அந்தப் பழத்தின் பின்னால் சாக்கடை ஓரம் வரை போய்ப் போய் வருகிறார். மழைநாள், வளைவில் மண் சரிந்து கிடந்திருக்கிறது, டீ வாங்க பைக்கில் மலை இறங்கிய பிள்ளை, அவ்வளவுதான், இதில் யாரையும் குற்றம் சொல்ல இடமில்லை. குற்றம் சொல்ல ஒரு ஆள் கிடைத்திருந்தால்கூடப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கலாம். காலம் ஆற்றும் என்று வந்தவன் போனவன் எல்லாம் சொன்னான். காலம் என்ன டீக்கடைக்காரனா, தூக்கித் தூக்கி ஊற்றி ஆற்றிக் கொடுக்க. காரியம் முடிந்து கொஞ்ச நாளில் இவர் கொல்லைக்குப் போய்ப் படுதாவை இழுத்துப் போட்டார். கோழியை விரட்டினார். துருவைச் சுரண்ட உட்கார்ந்தார். அதைப் பார்த்துச் சொந்தக்காரர்களுக்கு ஒரு நிம்மதி. "பரவாயில்ல, மனுஷன் ஒரு வேலையைப் பிடிச்சுக்கிட்டாரு, பொழைச்சுக்குவாரு" என்று அவர் காது படவே பேசினார்கள். தகரம் வெட்டி ஒட்டினார், தரை போட்டார், கியர் பெட்டியை இறக்கி ஏற்றினார், டயர் மாற்றினார், ஹார்ன்கூட மாட்டினார். ஹார்ன் எதற்கு. ஹார்ன் இல்லாமல் வளைவில் போகக்கூடாது என்று மதிக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார்.

சட்டைப் பையில் போன் அடித்தது. பேச்சிதான். எத்தனை கடை ஏறி இறங்கினாலும் இந்த நேரத்துக்குக் கூப்பிட்டுவிடுவாள். "கிடைச்சிருச்சா?" என்றாள். ஹலோ கிடையாது, சாப்பிட்டீங்களா கிடையாது, எடுத்த எடுப்பில் கிடைச்சிருச்சா. "பாய் தேடிட்டு இருக்காரு" என்றார். "ம்." "என்ன ம்?" "ஒண்ணுமில்ல, பாருங்க" என்று வைத்துவிட்டாள். அவளுக்கும் வண்டி ஓடிப் பார்க்க ஆசையாக இருக்கும்போல என்று ராஜாங்கம் நினைத்துக்கொண்டார். பாவி மகள், எதற்கு ஆசைப்படுகிறோம் என்று தெரியாமல் ஆசைப்படுகிறாள். அவளுக்கு இரும்பு புதிதில்லை. அப்பன் கம்பத்தில் லாரி பட்டறை வைத்திருந்தவர், பட்டறைக்கு மேல்மாடியில்தான் வீடு, சுத்தியல் சத்தத்தில் தாலாட்டுக் கேட்டு வளர்ந்தவள். கல்யாணமான புதிதில் குமுளி பஸ்ஸில் இறக்கத்தில் வரும்போது மூக்கைச் சுளித்து "பிரேக் காயுதுங்க, இவன் காலை எடுக்காம வர்றான்" என்றாள். "என்ன மெக்கானிக் மகளே" என்று அன்றிலிருந்து இவர் கிண்டல் செய்யப் பிடித்துக்கொண்டார். மெக்கானிக் மகள் இப்போது கொட்டகைப் பக்கமே வருவதில்லை. ஆனால் மதுரையிலிருந்து இவர் வாங்கிவருகிற பையை மட்டும் அவள்தான் வாங்கிப் பிரிப்பாள். ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் தரையில் வைப்பாள். பை காலியான பிறகும் உள்ளே கையை விட்டுத் துழாவுவாள். "இவ்வளவுதானா, வேற ஒண்ணும் வாங்கலையா?" என்பாள். தனக்கு ஏதாவது வாங்கி வந்திருப்பார் என்று தேடுகிறாளோ என்று ஒருமுறை அரைக்கிலோ அல்வா வாங்கிக்கொண்டு போனார். அதை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு அடியில் துழாவினாள். "வேற இல்லையா?" "வேற என்ன வேணும் உனக்கு?" ஒன்றுமில்லை என்று எழுந்து போய்விட்டாள். அல்வா எறும்பு தின்றது.

மீரான் பாயும் இன்றைக்கு ஒரு மாதிரியாகத்தான் கேட்டார். சாவியை எடுப்பதற்கு முன்னால், சும்மா, பேச்சுக்குப் பேச்சாக. "ஒரு வண்டியையே பார்ட் பார்ட்டா எங்கிட்ட வாங்கிட்டீங்கண்ணே. பிரேக் ஐட்டம் மட்டும் இதுவரைக்கும் கேட்டதில்லையே." ராஜாங்கம் எதிர்ச் சுவரிலிருந்த ரிம்களைப் பார்த்தார். "அது வண்டியோட இருந்ததே நல்லாத்தான் இருக்கு" என்றார். பொய். பிரேக் டிரம்மைத் திறந்தே பார்க்கவில்லை. மிதித்தால் பெடல் தரையைத் தொடும், திரும்பி எழுந்திரிக்காது. எல்லாவற்றையும் தேய்த்தவர், ஒவ்வொரு போல்ட்டாக மண்ணெண்ணெயில் கழுவியவர், அந்த நாலு சக்கரத்துக்குள்ளும் மட்டும் கையை விடவில்லை. முதலில் அப்புறம் பார்க்கலாம் என்றுதான் இருந்தது, சத்தியமாக அப்படித்தான். பிறகு ஒரு நாள், அப்புறம் எதற்கு என்று தோன்றியது. தோன்றியதும் உடம்பு லேசாகிவிட்டது. அன்று ராத்திரி வெகு நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினார். தூங்கி எழுந்து இட்லி கேட்டார். பேச்சி தட்டை வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஃபேன் பெல்ட் காணாமல் போனது அந்த வாரம்தான். அட, அந்த வாரம்தானா. மனது அங்கே ஒரு முள்ளில் மாட்டிய துணி மாதிரி நின்றது, இழுத்துப் பார்த்தார், வரவில்லை, விட்டுவிட்டார். பின்பக்கம் ஏதோ தகரம் சரிந்து விழுகிற சத்தம், பாய் எதையோ வைகிற சத்தம். இல்லை என்று சொல்லிவிட்டு வரட்டும். இருக்கிறது என்று சொல்லிவிட்டு வரட்டும். ஏதாவது ஒன்றைச் சொல்லட்டும், இப்படி உட்கார்ந்திருக்க முடியவில்லை. மதி ஆஸ்பத்திரியில் இருந்தபோதும் இப்படி ஒரு கதவைப் பார்த்துக்கொண்டுதான் இவர் உட்கார்ந்திருந்தார், பேச்சி தரையில், கால் நீட்டி, அவனுடைய ஒரு செருப்பை மடியில் வைத்துக்கொண்டு.

மீரான் பாய் தும்மிக்கொண்டே வந்தார். தலையெல்லாம் ஒட்டடை. "உங்களுக்கு யோகம்ணே" என்று சொல்லி, ஒரு துணிப் பொட்டலத்தைக் கல்லா மேசைமேல் வைத்துப் பிரித்தார். துணி ஊதாப் பூப்போட்ட பழைய சேலைத் துண்டு. கார்புரேட்டர் சுத்தமாக, பளிச்சென்று இருந்தது. பல் பிரஷ்ஷால் தேய்த்த சுத்தம். ராஜாங்கம் அதைத் திருப்பினார். பக்கவாட்டில் போக்ஸ் கம்பி. ஒரு முனையில் இரண்டு சுற்று, சின்னப் பிள்ளை காது வளையம்போல. கடைத்தெருவில் ஒரு லோடு ஆட்டோ போயிற்று. "இது ஏது பாய்?" என்றார். "ஒரு அம்மா கொண்டாந்து குடுத்துச்சுண்ணே, ஒரு இருபது நாள் இருக்கும். ஒயர் கூடையில வச்சு, மேல முருங்கைக்கீரையைப் போட்டு மறைச்சு எடுத்தாந்துச்சு. நம்ம கடைப் பையைப் பாத்து அட்ரஸ் கண்டுபிடிச்சு வந்தேன்னுச்சு. சரி, பழசுதானேன்னு ஒரு விலை சொன்னேன். காசு வேண்டாம், அதுக்குப் பதிலா ஜீப்புக்கு பிரேக் சாமான் குடுங்கன்னுருச்சு. மாஸ்டர் சிலிண்டர், நாலு வீலுக்கும் வாஷர், ஷூ, டியூப்பு, ஒண்ணு விடலை. ரப்பரை எல்லாம் நகத்தால அமுக்கி அமுக்கிப் பாத்துல்ல வாங்குச்சு. வெவரமான அம்மா. யாருக்கும்மா, வீட்டுக்காரரு மெக்கானிக்கான்னு கேட்டேன். இல்ல, அவருக்கு இது கேட்டு வாங்கத் தெரியாதுன்னுச்சு."

அவருக்கு இது கேட்டு வாங்கத் தெரியாது. ராஜாங்கம் ஆயில் டின் மேல் திரும்ப உட்கார்ந்தார். பை காலியான பிறகும் உள்ளே துழாவிய கை. வேற இல்லையா, வேற ஒண்ணும் வாங்கலையா. ஒவ்வொரு தடவையும் அவள் பிரேக்கைத் தேடியிருக்கிறாள், ஒவ்வொரு தடவையும் இல்லாமல் எழுந்து போயிருக்கிறாள், எழுந்து போய் இவருக்குச் சோறு போட்டிருக்கிறாள். ஃபேன் பெல்ட்டை எங்கே போட்டாள், அடுப்பிலா. பெட்ரோல் பம்பை எந்தக் கிணற்றில் போட்டாள். வாங்கிப்போன பிரேக் சாமானை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாள். வாங்க வாங்க இவர் கொண்டுவர, எடுக்க எடுக்க அவள் ஒளிக்க, ஒரே வீட்டில், ஒரே விளக்கு வெளிச்சத்தில், ஒருத்தருக்கொருத்தர் தண்ணீர் மோந்து கொடுத்துக்கொண்டு. இந்தப் போக்ஸ் கம்பியை அவள் பார்க்காமல் இருந்திருக்க மாட்டாள். பிள்ளை கை பட்டு மிச்சமிருக்கிறதில் அது ஒன்று. அவனுடைய ஒரு செருப்பைக்கூட இன்னும் அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறவள், இதைச் சேலையில் சுற்றி, கீரையைப் போட்டு மூடி, பஸ் ஏறி வந்து பழைய இரும்புக் கடையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். எதற்காக. இந்த ஐம்பத்தெட்டு வயது மூட்டை வீட்டில் கிடக்கட்டும் என்பதற்காக. ராஜாங்கத்துக்கு அவள்மேல் கோபம் வந்தது, நம்பவே முடியாத அளவுக்குக் கோபம், யார் உன்னைக் கேட்டது என்று. அப்புறம் அந்தக் கோபம் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டது. மலைமேல் ஏறித் திருப்பிக்கொள்வதுவரை நினைத்தாரே, வீட்டில் பேச்சி என்ன செய்வாள் என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நினைத்தாரா. அவளுக்கும்தானே பிள்ளை. அவளுக்கும்தானே ராத்திரி அந்த எலுமிச்சம்பழம் உருளும். அவள் எங்கே போவாள். அவளுக்கு ஏறிப் போக ஒரு வண்டிகூட இல்லை.

"என்னண்ணே, பேக் பண்ணிறவா?" என்றார் மீரான் பாய். ராஜாங்கம் அதை இன்னொரு தடவை கையில் எடுத்தார். கம்பியை விரலால் தடவினார். வளையத்துக்குள் சுண்டுவிரல் நுனி போயிற்று. "இது சேராது பாய்" என்றார். பாய் சிரித்தார். "என்னண்ணே விளையாடுறீங்க, இதே மாடல்தான், கண்ணைக் கட்டிக்கிட்டு மாட்டலாம்." "சேராது." குரலில் என்ன இருந்ததோ, பாய் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். இந்தக் கம்பியை மட்டும் கழற்றித் தாருங்கள் என்று கேட்கலாம். வாய் வரை வந்துவிட்டது. கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் யாருக்குத் தெரியும். பேச்சிக்குத் தெரியும். துவைக்கப் போடுகிற சட்டையில் கையை விட்டுப் பார்க்காத நாள் உண்டா அவளுக்கு. கம்பியைப் பார்த்தால் இவர் வந்தது தெரியும், கண்டது தெரியும், அப்புறம் ஒளிக்க அவளிடம் ஒன்றும் இருக்காது. "துணியோடயே கட்டி உள்ள வச்சிருங்க பாய், யார் கேட்டாலும் குடுத்துறாதீங்க, நான் அப்பப்ப வந்து பாத்துட்டுப் போறேன்" என்றார். வாங்காமல் பார்ப்பானேன் என்று பாய் கேட்கவில்லை. சேலைத் துண்டை மடித்து, நாலு முனையும் சேர்த்து, முடிச்சுப் போட்டார்.

வெளியே வெயில் தெருவை அப்படியே பிடித்து வைத்திருந்தது. இரண்டு பக்கமும் கடைகடையாக வண்டிகளின் எலும்பு. ராஜாங்கம் ஒரு லாரி நிழலில் ஒதுங்கி நின்றார். நெஞ்சில் ஒன்றும் ஆறவில்லை, ஒன்றும் விடியவில்லை. காலையில் போக ஓர் இடம் இருந்தது, இப்போது அதுவும் இல்லை. இன்னும் எத்தனையோ வருஷம் கிடக்கிறது, அத்தனையும் நடந்தே கடக்க வேண்டும், அவளும் கூட நடப்பாள், இருவரும் ஒரு வார்த்தை பேசப் போவதில்லை. போன் அடித்தது.

"கிடைச்சிருச்சா?"

முன்னெல்லாம் ஆசையாகக் கேட்ட குரல்தான். இப்போது அதற்குள் வேறொன்று கேட்டது. ஆஸ்பத்திரிக் கதவு திறந்தபோது "என்னங்க சொல்றாங்க?" என்று தரையிலிருந்து கேட்ட அதே குரல்.

"கிடைக்கல பேச்சி. எங்கயும் இல்லையாம். இந்த மாடலுக்கு இனிமே கிடைக்கிறது கஷ்டம்ங்கிறாரு."

அந்தப் பக்கம் குக்கர் விசில் ஒன்று அடித்தது. அவள் மூக்கை உறிஞ்சினாள், வெங்காயம் நறுக்குகிறவள்போல.

"சரி, வெயில்ல நிக்காதீங்க. எதாவது சாப்பிட்டுட்டு பஸ் ஏறுங்க" என்றாள். பிறகு, வைக்கப் போனவள் வைக்காமல், "அடுத்த வாரமும் போய்ப் பாருங்க. தேடாம மட்டும் விட்டுறாதீங்க" என்றாள்.

"தேடுறேன்" என்றார் ராஜாங்கம்.